மாலைநேர டிப்ளமோவும் என் தங்கை எண்ணிப் பார்த்ததும்

என் தங்கை எங்கள் வீட்டில் மூன்று பிள்ளைகளில் கடைசி. பத்தாம் வகுப்பில் நூற்றுக்கு அறுபத்து நான்கு வீதம் மதிப்பெண் பெற்றுத் தேறினாள். இருபதாவது வயதில், எரிந்துபோன மோட்டார்களுக்குள் செப்புக் கம்பியைச் சுருளாகச் சுற்றிப் புதிதாகக் ‘காயில்’ கட்டும் கடையொன்றில் நாலாயிரத்து ஐநூறு சம்பளத்துக்குச் சேர்ந்தாள். முப்பத்து மூன்றாவது வயதில் அதே கடையில் மாதம் பதினெட்டாயிரமும், மாலையில் கூடுதல் நேரம் பார்த்ததற்கு ஏறக்குறைய மூவாயிரத்து ஐநூறும் வாங்கினாள். அந்த ஆண்டு அவள் சேமிப்பு மூன்று லட்சத்து நாற்பதாயிரம். வங்கிக் கணக்கு அவள் பெயரிலும் என் பெயரிலும் சேர்ந்து இருந்தது. கணவர் சரக்கு வேன் ஓட்டுபவர். ஒரு மகள்.

இவ்வளவும் என் வசமுள்ள காகிதங்களிலிருந்து எடுத்தவை. குடும்பத்தின் பத்திரங்கள், சான்றிதழ்கள், ரசீதுகள் எல்லாம் இருபது ஆண்டுகளாக என் அலமாரியில்தான் இருக்கின்றன. இனி வருவனவற்றில் சில நான் நேரில் கண்டவை. மற்றவை அவள் சொல்லக் கேட்டவை. கடையில் நடந்தவற்றை அங்கே வேலை செய்தவர்களிடமும் ஒருமுறை கேட்டு ஒத்துப்பார்த்துக்கொண்டேன்.

அவளுடைய தொழிலைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். மோட்டார் எரிந்து வந்தால், முதலில் பழைய செப்புக் கம்பியை உருவி எடுப்பார்கள். ஒரு காயிலில் எத்தனை சுற்று, கம்பி என்ன கனம், இரும்புக் கூட்டின் எந்தப் பள்ளத்திலிருந்து எந்தப் பள்ளத்துக்குப் போகிறது என்று குறித்துக்கொண்ட பிறகே புதுக் கம்பியைச் சுற்றுவார்கள். இந்த எண்களைக் கடைக்காரர்கள் ஒரு குறிப்பேட்டில் எழுதிவைப்பார்கள். அதே மாதிரி மோட்டார் மறுபடியும் வந்தால், எண்ணிக்கொண்டிருக்காமல் ஏட்டைப் பார்த்தே கட்டிவிடலாம். அரைநாள் மிச்சம். அந்த ஏடுதான் கடையின் சொத்து. வேறு கடைக்காரன் கண்ணில் பட விடமாட்டார்கள்.

என் தங்கை ஏட்டை நம்புவதில்லை. வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் ஆண்டில், மோட்டாருக்குள் முந்தைய ஆள் கட்டிவைத்திருந்த சீட்டைப் பார்த்து அப்படியே சுற்றினாள். மூன்றே நாளில் அது புகைந்து திரும்பி வந்தது. அவள் சம்பளத்தில் பாதி பிடிக்கப்பட்டது. அன்றிலிருந்து யார் எழுதிய எண்ணாக இருந்தாலும் சரி, பழைய காயிலை வெட்டிக் கையால் எண்ணுவாள். எண்ணி முடித்து, இன்னொரு தடவை எண்ணுவாள். கடையில் கட்டிய காயிலுக்கு வார்னிஷ் பூசுபவர் அவளுக்கு ‘இன்னொருதடவை’ என்றே பெயர் வைத்துவிட்டார். “இன்னொருதடவை வந்தாச்சா? அப்ப இன்னைக்கு மோட்டார் நாளைக்குத்தான் போகும்” என்பார்.

டிப்ளமோ பற்றிய பேச்சு வந்ததற்குக் காரணம் ஒரு கையெழுத்து. பெரிய ஆலைகளெல்லாம் ஒரு கட்டத்தில் விதியை மாற்றின. பழுதுபார்த்த மோட்டாரோடு சோதனை அறிக்கை வர வேண்டும். அதில் தொழில்நுட்பக் கல்லூரியில் டிப்ளமோ பெற்றவர் கையெழுத்திட வேண்டும். கடை முதலாளி உடனே டிப்ளமோ முடித்த ஓர் இளைஞரைப் பிடித்து வந்தார். சம்பளம் இருபத்தேழாயிரம். அவருக்கும் வார்னிஷ்காரர் பெயர் வைத்தார்: ‘கையெழுத்து’. காயில் கட்டுவது இவள். மின்கசிவு பார்க்கும் மெகர் கருவியைப் பிடிப்பது இவள். அறிக்கையில் எண்களை நிரப்புவதும் இவள். கடைசி வரியில் மட்டும் அவர்.

ஒரு நாள் பார்சல் ஆள் வாசலில் காத்திருக்க, அறிக்கையை நீட்டினாள். அவர் படிக்காமலே கையெழுத்திட்டார்.

“என்ன எழுதியிருக்கேன்னு பாக்க வேண்டாமா?”

“நீங்க எழுதினா சரியாத்தான் இருக்கும் அக்கா.”

“தப்பா இருந்தா?”

“அப்பவும் நீங்கதானே எழுதினீங்க!”

அவர் வேடிக்கையாகத்தான் சொன்னார். கெட்ட மனிதர் அல்லர். ஆனால் அன்று மாலை என் வீட்டுக்கு வந்த தங்கை, செருப்பைக் கழற்றுவதற்கு முன்னமே கேட்டாள்: “அக்கா, என் பத்தாங்கிளாஸ் சர்ட்டிபிகேட் உன்கிட்டதானே இருக்கு?”

ஊரின் மறுகோடியில் இருந்த தனியார் தொழில்நுட்பக் கல்லூரி, வேலை பார்ப்பவர்களுக்காக மாலைநேர டிப்ளமோ நடத்தியது. மூன்று ஆண்டு, ஆறு அரையாண்டுகள். விளம்பரத் தாளில் கட்டணம் அரையாண்டுக்கு இருபத்து நாலாயிரம். ஆக மொத்தம் ஒரு லட்சத்து நாற்பத்து நாலாயிரம். சேர்க்கை அலுவலரைப் பார்க்க இருவரும் போனோம். குளிரூட்டிய அறை. சுவர் முழுவதும் வேலை கிடைத்தவர்களின் புகைப்படங்கள். இருக்கையை இழுத்துப் போட்டு, குளிர்பானம் வரவழைத்து, எங்களை ‘மேடம்’ என்று அழைத்தார். கல்விக்கூடத்தில் குளிர்பானம் கொடுத்தபோதே எனக்குச் சந்தேகம் தொடங்கிவிட்டது. இவள் சுவரைப் பார்த்து உதடு அசையாமல் எண்ணிக்கொண்டிருந்தாள்.

“போன பேட்ச்ல நூத்துக்குத் தொண்ணூத்தொரு பேருக்கு வேலை மேடம்” என்றார் அவர். “போட்ட பணத்த ஒரே வருஷத்துல எடுத்துடலாம்.”

“நாப்பத்தெட்டு படம் இருக்கு” என்றாள் தங்கை. “மூணாவது வரிசையில இருக்கறவரும், கீழ ஓரத்துல இருக்கறவரும் ஒரே ஆள். இங்க மீசை இருக்கு, அங்க இல்ல.”

அவர் திரும்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். “ரெண்டு கம்பெனியில கெடச்சுது மேடம்.”

“சரி. நூத்துக்குத் தொண்ணூத்தொண்ணுன்னா, எத்தனை பேருல?”

“முடிச்சவங்க இருபத்து மூணு பேரு. அதுல இருபத்தொண்ணு.”

“சேந்தவங்க?”

“முடிச்சவங்களத்தானே மேடம் கணக்குல எடுக்க முடியும்?”

“நான் இன்னும் முடிக்கலையே சார். சேரத்தானே வந்திருக்கேன்?”

பேருந்தில் திரும்பும்போது நான் என் கருத்தைச் சொன்னேன்: இது ஆள்பிடிக்கும் கூட்டம், தலைக்கு இவ்வளவு என்று அந்த மனிதருக்குத் தரகு இருக்கும், பேசாமல் இரு. அவள் வெளியே பார்த்துக்கொண்டே, “பழைய காயில வெட்டிப் பாக்காம எப்படிக்கா சொல்றது?” என்றாள்.

வெட்டித்தான் பார்த்தாள். கல்லூரி வாசலுக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடை இருந்தது. அதை நடத்தியவர் அந்த முந்தைய பேட்சில் படித்து முடித்தவர். சுவரில் அவர் படமும் உண்டு. ‘வேலை கிடைத்தது’ என்று கல்லூரி சொன்ன வேலை, அதே கல்லூரியின் ஆய்வகத்தில் எட்டு மாத ஒப்பந்த உதவியாளர். ஒப்பந்தம் முடிந்ததும் வெளியே வந்து கடை போட்டுவிட்டார். அவர் கைபேசியில் அந்த பேட்சின் வாட்ஸப் குழு இன்னும் இருந்தது. தொடக்கத்தில் அறுபது பேர். மூன்று சனிக்கிழமைகள் இவள் அங்கே போய், பக்கம் பக்கமாக எதையாவது நகலெடுத்துக்கொண்டே அவரிடம் பேச்சுக் கொடுத்தாள். அந்த நகல்களும் என் அலமாரியில் இருக்கின்றன. எங்கள் ரேஷன் அட்டைக்கு மட்டும் பதினான்கு பிரதிகள்.

“அவனுக்குக் கல்லூரி மேல கோபம். கோபக்காரன் பேச்ச நம்பறதா?” என்று நான் கேட்டேன்.

“அவரையும் நம்பல. ஒன்பது பேரோட நம்பர் வாங்கியிருக்கேன். நானே பேசப் போறேன்.”

ஒன்பது பேரிடமும் பேசினாள். அவர்கள் வழியாக மற்றவர்களைப் பற்றியும் கேட்டறிந்தாள். கடைசியில் ஒரு தாளில் எழுதி என்னிடம் கொடுத்தாள். சேர்ந்தவர் அறுபது. முடித்தவர் இருபத்து மூன்று. வேலை என்று காட்டப்பட்டவர் இருபத்தொன்று. அவர்களில் ஐவர் கல்லூரியிலேயே எட்டு மாத உதவியாளர்கள். மூவர் படிப்புக்குச் சம்பந்தமில்லாத வேலையில். மீதி பதின்மூன்று. இதுவரை நான் எதிர்பார்த்த கதைதான். கடைசி வரியைத்தான் நான் எதிர்பார்க்கவில்லை. அந்தப் பதின்மூவரில் பதினோரு பேர், கல்லூரியில் சேர்வதற்கு முன்பே ஏதோ ஒரு பட்டறையில் கை பழகியவர்கள். அறுபது பேரில் அப்படிப்பட்டவர்கள் மொத்தமே பதினைந்து பேர்.

“தொழில் தெரியாம போன நாப்பத்தஞ்சு பேருல ரெண்டே பேருக்குத்தான் பலன். தெரிஞ்சு போன பதினஞ்சுல பதினொண்ணு” என்றாள். “அவங்க பொய் சொல்லலக்கா. உண்மையை வேற கம்பியில சுத்தி வெச்சிருக்காங்க.”

“அப்ப கை பழகினவங்களுக்கு அந்தக் கல்லூரி எதுக்கு?”

“கையெழுத்துக்கு.”

இதற்குள் செய்தி கடைக்குப் போய்விட்டது. முதலாளி ஒரு மதிய நேரத்தில் அவளைத் தம் மேசைக்கு அழைத்தார். பதின்மூன்று ஆண்டுகளில் அவர் எதிரே உட்காரச் சொன்னது அதுவே முதல் முறை என்றாள்.

“படிப்பெல்லாம் உனக்கு எதுக்கும்மா? இந்த வயசுல சின்னப் பசங்களோட போய் பெஞ்சுல உக்காரப் போறியா? நான் ஒண்ணு சொல்றேன் கேளு. கடையில கால் பங்கு தர்றேன். எழுத்துலயே தர்றேன்.”

“சந்தோசம் முதலாளி. போன வருசக் கணக்க ஒரு தடவ பாக்கலாமா?”

“என்ன, என் மேல நம்பிக்கை இல்லையா?”

“நம்பிக்கை இருக்கு. கணக்குதான் இல்ல.”

வார்னிஷ்காரர் உள்ளேயிருந்து இருமினார். சிரிப்பை மறைக்க அவருக்கு வேறு வழி தெரியாது.

இரண்டு நாள் கழித்து முதலாளி ஒப்பந்த நகல் ஒன்றைக் கொடுத்தார், கணக்கைக் கொடுக்கவில்லை. நான் அதை மூன்று முறை படித்தேன். பங்கு லாபத்தில் மட்டும். லாபம் எவ்வளவு என்பதை முதலாளியே முடிவுசெய்வார். ஐந்து ஆண்டுகளுக்கு அவள் வேலையை விட்டுப் போகக் கூடாது; அதற்குப் பிறகும் மூன்று ஆண்டுகளுக்கு வேறெங்கும் காயில் கட்டக் கூடாது. சேமிப்பிலிருந்து இரண்டரை லட்சம் முதலாகப் போட வேண்டும். கடைசி வரி: ‘கடையின் குறிப்பேட்டை நகலெடுக்கக் கூடாது.’

“ஏட்ட நான் பாக்கறதே இல்லையே, அத ஏன் எழுதியிருக்காரு?” என்றாள் தங்கை.

அன்றிரவுச் சாப்பாட்டின்போது அவள் கணவர் தம் பங்குக்குச் சந்தேகப்பட்டார். “கல்லூரிக்காரன் சேரச் சொல்றான், அவனுக்கு ஏதோ லாபம். முதலாளி சேராதேங்கறான், அவனுக்கும் ஏதோ லாபம். இதுல நமக்கு லாபம் எங்க இருக்குன்னு யாராவது சொல்லுங்களேன்.”

“அதத்தான் தேடிக்கிட்டிருக்கேன்” என்றாள்.

நானும் வேண்டாம் என்றே சொன்னேன். சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டாள்: “நீ ஏன்க்கா வேண்டாங்கற? உனக்கு என்ன பயம்?”

இதை எழுதாமல் விட்டால் இந்தப் பதிவு நேர்மையானதாகாது. அடுத்த ஆண்டு என் மூத்த மகன் கல்லூரிக்குப் போக வேண்டியிருந்தது. அந்தக் கூட்டுக் கணக்கிலிருந்து கொஞ்சம் கைமாற்றாகக் கேட்கலாம் என்று நான் மனத்துக்குள் நினைத்திருந்தேன். யாரிடமும் சொன்னதில்லை. அவளிடமும் அன்று சொல்லவில்லை. ஆனால் மறுநாளே வங்கிக்குப் போய்க் கணக்கிலிருந்து என் பெயரை எடுத்துவிட்டு வந்தேன். காரணம் கேட்டாள். “ரெண்டு பேர் கையெழுத்து உனக்கு இடைஞ்சலா இருக்கும்” என்றேன். அவள் என்னை ஒரு நொடி கூடுதலாகப் பார்த்தாள்.

சேர்வதற்கு முன், தன் கணக்கைத் தானே போட்டாள். கல்லூரித் தாளில் இருந்த ஒரு லட்சத்து நாற்பத்து நாலாயிரத்தோடு தேர்வுக் கட்டணம் ஒன்பதாயிரம், ஆய்வகக் கட்டணம் பதினெட்டாயிரம், புத்தகமும் கருவிகளும் பதினோராயிரம், பேருந்துக்கு இருபத்தையாயிரத்து இருநூறு. இவற்றுக்கும் மேலே, மாலை வகுப்பால் போகும் கூடுதல் நேரச் சம்பளம், முப்பத்தாறு மாதத்துக்கு ஒரு லட்சத்து இருபத்தாறாயிரம். விளம்பரத் தாளில் இருந்ததைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் வந்தது. அதைப் பார்த்த பிறகும் சேர்ந்தாள்.

முதல் ஆண்டு கடினமாக இருந்தது. ஏழு மணி வகுப்புக்குக் கடையிலிருந்து நேராகப் போவாள். கையில் வார்னிஷ் வாடை போகாது. கணிதத் தாளில் ஒருமுறை தோற்றாள், மறுதேர்வுக்கு எண்ணூறு. அவள் கணவருக்கு வேறு கவலை. வகுப்பு நடக்கிறதா, இவள் உண்மையில் அங்கேதான் போகிறாளா என்று இரண்டு மாலைகள் கல்லூரி எதிரே வேனை நிறுத்திக் காவல் இருந்தார். இரண்டாவது மாலை, இடைவேளையில் இவள் வந்து கண்ணாடியைத் தட்டினாள்.

“உள்ள வந்து உக்காருங்க. அட்டெண்டன்ஸ் குறைவா இருக்குன்னு வாத்தியார் கவலைப்படறாரு.”

“இந்தப் பக்கம் லோடு இருந்துச்சு…”

“நேத்தும் இருந்துச்சா?”

அதற்குப் பிறகு அவரே தினமும் வந்து அழைத்துப் போனார். சந்தேகம் தீர்ந்ததாலா, பேருந்துக் கட்டணம் மிச்சம் என்பதாலா என்று தெரியவில்லை. பேருந்துச் செலவை மட்டும் அவள் கணக்கில் குறைக்கவில்லை. டீசலும் பணம்தான் என்றாள்.

கடையில் வேறு விதமான மாற்றம். இவள் கல்லூரியில் சேர்ந்த மறுவாரமே முதலாளி குறிப்பேட்டை மேசை அறைக்குள் வைத்துப் பூட்டினார். ஓராண்டுக்கு மேல் பூட்டியே கிடந்தது. பிறகு ஒரு நாள் காலை, ஏடு பழையபடி அலமாரித் தட்டில் எல்லாரும் எடுக்கும்படி இருந்தது. அன்று தங்கை என்னிடம் சொன்னதை அப்படியே குறித்துவைத்திருக்கிறேன்: “பூட்டினப்ப எனக்கு ஒண்ணும் தோணலக்கா. திறந்து வெச்சிருக்காரே, இப்பதான் பயமா இருக்கு.”

நான்காம் அரையாண்டின் தொடக்கத்தில் ஓர் ஆலையிலிருந்து பெரிய மோட்டார் ஒன்று வந்தது. வேறொரு கடையில் பிரித்து, காயிலை முழுவதும் உருவி எறிந்துவிட்டு, கட்டத் தெரியாமல் திருப்பி அனுப்பியிருந்தார்கள். உள்ளே வெறும் இரும்புக் கூடு. வெட்டி எண்ணுவதற்கு ஒரு சுற்றுக் கம்பி இல்லை. பதினான்கு ஆண்டுகளில் முதல் முறையாக இவளிடம் ஏட்டைத் தவிர வேறு சாட்சி இல்லை.

ஏட்டில் அந்த மோட்டாருக்கு ஒரு காயிலுக்கு முப்பத்தெட்டுச் சுற்று என்று எழுதியிருந்தது. அந்தப் பக்கத்தின் மை, பக்கத்துப் பக்கங்களைவிடக் கறுப்பாக இருந்ததாம். இவள் அளவுகோலை எடுத்துக் கூட்டின் நீளம், உள்விட்டம், பள்ளங்களின் எண்ணிக்கை எல்லாவற்றையும் அளந்தாள். முந்தைய அரையாண்டில்தான் அந்தப் பாடம்: காயிலே இல்லாவிட்டாலும் இரும்பின் அளவைக் கொண்டு சுற்றுகளைக் கணக்கிடும் முறை. பழைய தேர்வு விண்ணப்பத்தின் பின்புறத்தில் போட்ட அந்தக் கணக்கு இப்போது என்னிடம் இருக்கிறது. விடை நாற்பத்தாறு. இன்னொரு தடவை போட்டாள். நாற்பத்தாறு.

“புக்ல இருக்கறதப் போடுங்கக்கா” என்றார் கையெழுத்து. “நான் சைன் பண்ணிடறேன். என்ன ஆயிடப் போகுது?”

“சாம்பலாயிடும். சைன் பண்ணது நீங்க.”

அவர் முதல் முறையாக அந்தக் காகிதத்தை வாங்கிப் படித்தார். முதலாளி உள்ளே வந்தார்.

“என்ன கூட்டம் இங்க?”

“முதலாளி, ஏட்டுல முப்பத்தெட்டு இருக்கு. எனக்கு நாப்பத்தாறு வருது. முப்பத்தெட்டுல கட்டினா, ஓடவிட்ட கொஞ்ச நேரத்துலயே மேல கை வைக்க முடியாது.”

“இருபது வருச ஏடு. உன் ரெண்டு வருசக் காலேஜு அதவிடப் பெருசா?”

“பெருசுன்னு சொல்லல. ரெண்டுல ஒண்ணு தப்பு. என்னுது தப்புன்னா காட்டுங்க, முப்பத்தெட்டே கட்டிடறேன். ஆனா நீங்க சொன்னீங்கன்னு அறிக்கையில எழுதிடுவேன்.”

முதலாளி ஏட்டைக் கையில் வாங்கினார். பார்த்தார். ஆலை அவருடைய பெரிய வாடிக்கை. மோட்டார் எரிந்தால் அந்த வாடிக்கை போய்விடும். சட்டைப் பையிலிருந்து உள்ளங்கை அளவு டைரி ஒன்றை எடுத்து, திரும்பி நின்று, இரண்டு மூன்று பக்கம் புரட்டினார்.

“நாப்பத்தாறு போடு” என்றார். டைரியைப் பையில் வைத்துக்கொண்டு வெளியே போனார்.

வார்னிஷ்காரர்தான் முதலில் வாய் திறந்தார். “தட்டுல இருக்கறது ஊருக்கு. பையில இருக்கறது அவருக்கு. இன்னொருதடவை, உனக்கு வெச்ச பொறிம்மா இது. நீ காப்பியடிச்சுட்டுப் போய்த் தனிக்கடை போட்டா, முதல் மாசமே புகையணும்னு வெச்சிருக்காரு.”

இவள் கம்பியை எடுத்துச் சுற்றத் தொடங்கினாள். அந்த வாரம் முழுவதும் வீட்டில், தன் நினைவில் இருந்த பதினோரு மோட்டார்களின் அளவுகளைக் கொண்டு கணக்குப் போட்டு, இப்போது ஏட்டைப் புரட்டி நினைவில் வைத்துக்கொண்ட எண்களோடு ஒப்பிட்டாள். நான்கு பொய். எப்போதும் எண்ணிக் கட்டுபவளுக்கு அந்த நான்கும் அதுவரை கண்ணில் படாமலே போயிருந்தன. ஒருநாளும் ஏட்டைப் பார்க்காதவளைப் பிடிப்பதற்கு ஏட்டில் பொறி வைத்த மனிதரை என்னவென்று சொல்வது? அவர் பக்கத்து நியாயத்தையும் நான் யோசித்துப் பார்த்தேன். இருபது ஆண்டு உழைப்பு அந்த ஏட்டில் இருக்கிறது. படித்துவிட்டுப் போகிறவள் எதை எடுத்துப் போவாள் என்று அவருக்கு எப்படித் தெரியும்? ஆனால் ஏட்டை நம்பி வேறு யாராவது கட்டியிருந்தால் வாடிக்கையாளரின் மோட்டார்தான் புகைந்திருக்கும்.

அவள் கணவர் இதைக் கேட்டுவிட்டு, “நாளைக்கே வேலைய விடு” என்றார்.

“விட மாட்டேன். இன்னும் ஒன்றரை வருசம் பீஸ் கட்டணும். இப்ப அவருக்குத்தான் என்னப் பாத்து பயம். இருக்கட்டும்.”

இருந்தாள். அந்த ஒன்றரை ஆண்டும் முதலாளி அவளிடம் மரியாதையாகவே நடந்துகொண்டார்; சம்பளத்தைப் பத்தொன்பதாயிரத்து ஐநூறு ஆக்கினார். மரியாதை கூடக் கூட, இவள் ஒவ்வொரு சம்பளச் சீட்டையும் என்னிடம் கொண்டுவந்து கொடுத்தாள், பத்திரமாக வைக்கச் சொல்லி.

டிப்ளமோச் சான்றிதழ் வந்த வாரம், முதலாளி மறுபடியும் எதிரே உட்காரச் சொன்னார். இனி அறிக்கையில் அவளே கையெழுத்திடலாம், இருபத்தேழாயிரம் தருவதாகச் சொன்னார்.

“எழுதிக் கொடுத்துடுங்க முதலாளி.”

“நாக்கு சொன்னா போதாதா?”

“எந்த நாக்கு? தட்டுல இருக்கறதா, பையில இருக்கறதா?”

அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. பதினாறு ஆண்டுகள் வேலை செய்த கடையிலிருந்து, தன் கத்தரிக்கோலையும் காயில் தள்ளும் மூங்கில் குச்சிகளையும் ஒரு துணிப்பையில் எடுத்துக்கொண்டு வந்தாள். வார்னிஷ்காரர் வாசல்வரை வந்து, “பைய முதலாளிகிட்டத் திறந்து காட்டிட்டுப் போம்மா, அப்பத்தான் அவருக்குத் தூக்கம் வரும்” என்றாராம். அவள் உண்மையிலேயே திரும்பப் போய்த் திறந்து காட்டிவிட்டு வந்தாள். அவரும் உண்மையிலேயே எட்டிப் பார்த்தார்.

இப்போது பம்பு தயாரிக்கும் ஆலையொன்றின் பழுதுபார்ப்புப் பிரிவில் இருக்கிறாள். மாதம் இருபத்தொன்பதாயிரத்து ஐநூறு. நேர்முகத்தில் அவளிடம் சான்றிதழைக் கேட்டார்கள். பிறகு எரிந்த மோட்டார் ஒன்றைக் கொடுத்துப் பிரிக்கவும் சொன்னார்கள். நியமனக் கடிதத்தை அவள் இரண்டு தடவையும் நான் மூன்று தடவையும் படித்தோம். கல்லூரிச் சுவரில் அவள் படமும் ஏறிவிட்டது என்று ஜெராக்ஸ் கடைக்காரர் தகவல் சொன்னார். பட்டியலில் இவள் நூற்றுக்குத் தொண்ணூற்று மூன்றில் ஒருத்தி. அவளுடைய பேட்சில் சேர்ந்தவர்கள் ஐம்பத்தெட்டு பேர். முடித்தவர்கள் பதினைந்து.

போன மாதம் என் இளைய மகன் அவளிடம் நேராகவே கேட்டான்: “சித்தி, படிச்சது லாபமா நஷ்டமா?”

“இந்தச் சம்பளத்துல காகிதத்துக்கு எவ்வளவு, கைக்கு எவ்வளவுன்னு அவங்க பிரிச்சுச் சொல்லலடா. ரெண்டுல ஒண்ணு இல்லாம இருந்திருந்தா உள்ளயே விட்டிருக்க மாட்டாங்க. தொழில் தெரியாம போற நாப்பத்தஞ்சு பேருகிட்டக் காகிதம் மட்டும்தான் விப்பாங்க. நீ எந்தப் பக்கம்னு பாத்துக்கிட்டுச் சேரு.”

“அப்ப லாபம்தானே?”

“பணம் திரும்பி வரட்டும். அப்புறம் கேளு.”

அவள் கேட்டுக்கொண்டபடி கணக்கை நான் சரிபார்த்தேன். கையிலிருந்து போனது, மறுதேர்வுக் கட்டணத்தோடு, இரண்டு லட்சத்து எட்டாயிரம். இழந்த கூடுதல் நேரச் சம்பளம் ஒரு லட்சத்து இருபத்தாறாயிரம். ஆக மூன்று லட்சத்து முப்பத்து நாலாயிரம். பழைய கடையிலேயே இருந்திருந்தால் கூடுதல் நேரத்தோடு வந்திருக்கக்கூடியது மாதம் இருபத்து மூவாயிரம். இப்போது வருவதற்கும் அதற்கும் வித்தியாசம் ஆறாயிரத்து ஐநூறு. திரும்பப் பெற ஆகும் காலம் ஐம்பத்திரண்டு மாதம். புது வேலையில் சேர்ந்து ஆனது பத்தொன்பது. மீதி முப்பத்து மூன்று.